நாணயமும் பதக்கமும் ஆராய்ந்து எழுதுவதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: பழைய நாணயங்கள், பதக்கங்கள் பற்றி ஆராய்ந்து எழுதுவதையே ஒருவர் வாழ்க்கைத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? அந்த வேலை உண்மையில் என்ன, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் இதற்கென்றே மாதச் சம்பளம் தரும் இருக்கைகள் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம்தான். இந்தத் துறையில் பெயர் நிலைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தால் மூன்று வழிகள் தெரியும்.

முதலாவது அருங்காட்சியகம். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பதக்கங்களின் பெருந்தொகுப்பை 1930இல் வெளியிட்ட ஜார்ஜ் ஹில், பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய, பதக்கப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு அந்த மியூசியத்துக்கே இயக்குநர் ஆனவர். இரண்டாவது வணிகம். பதக்கக் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்பு அகராதியை எட்டுத் தொகுதிகளாக எழுதிய லெனர்ட் ஃபோரர், லண்டனில் ஸ்பிங்க் என்ற நாணய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதை முடித்தார். மூன்றாவது, சோற்றுக்கு வேறு தொழில், ஆய்வுக்கு மிச்ச நேரம். ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் சாலையில், உலோகத்தின் தூய்மையைச் சோதிக்கும் அதிகாரி. டி.டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர். சுவிட்சர்லாந்தின் இம்ஹூஃப்-புளூமருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. இன்று வெளியாகும் நல்ல ஆய்வுகளில் பெரும்பங்கு மூன்றாம் வழிக்காரர்களுடையது என்பது என் கணிப்பு.

இரண்டாம் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏல நிறுவனத்தில் பட்டியல் எழுதுபவருக்குக் கிடைக்கும் கண் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. ஓர் ஏலத்துக்கு ஆயிரம் உருப்படிகள் கையில் புரளும், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். போலியை எடையிலும் தொடுகையிலும் உணரும் பழக்கம் அங்கேதான் வருகிறது. ஆனால் விற்கும் கையே ‘மிக அரிது’ என்றும் எழுதினால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? வணிகத்தில் இருந்துகொண்டு ஆய்வும் எழுதுபவர், தன் கையில் விற்பனைக்கு இருக்கும் பொருளைப் பற்றிய கட்டுரையில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் கட்டுரை முழுக்கச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எந்த வழியில் போனாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு சின்ன விஷயத்தை எடுத்து அதை முழுசாகத் தீர்க்க வேண்டும். ‘ரோமானிய நாணயங்கள்’ ஒரு தலைப்பே அல்ல. ‘இந்த ஊர் அக்கசாலை, இந்த ஆட்சியாளரின் இருபது ஆண்டுகள், வெள்ளி மட்டும்’ என்பது தலைப்பு. பதக்கத்தில் ஒரு செதுக்குக் கலைஞர், அல்லது ஒரு படைப்பிரிவுக்கு ஒரு போரில் கிடைத்தவை. தலைப்பு சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. மியூசியங்களின் இணையத் தொகுப்புகள், பழைய ஏலப் பட்டியல்கள், அச்சான புதையல் அறிக்கைகள் மூன்றிலும் சில வாரம் தேடுங்கள். நூற்றுக்கும் குறைவாகக் கிடைத்தால் புள்ளிவிவரம் பேச முடியாது, சிறு குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ஐயாயிரம் கிடைத்தால் தலைப்பை இன்னும் நறுக்குங்கள்.

இனி அன்றாட வேலை. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பதிவு. அதில் வெளியிட்டவர், அக்கசாலை, உலோகம், மதிப்பு, இரு பக்க வாசகமும் உருவமும், எடை, விட்டம், அச்சின் திசை (முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் பின்பக்கம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பது), இருப்பிடமும் அங்குள்ள பதிவு எண்ணும், முன்பு யார் யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் எந்த எண்ணில் வந்தது. எடையை 0.01 கிராம் வரை எழுத வேண்டும். தராசை ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஓட்டை போட்டது, வளையம் வைத்து நகையாக அணிந்தது, விளிம்பு வெட்டியது, அமிலத்தில் கழுவியது எல்லாம் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் சராசரி எடைக் கணக்கில் சேரக் கூடாது. இதைப் பிரிக்காமல் கலந்துவிட்டு ‘இந்த அரசர் எடையைக் குறைத்தார்’ என்று முடிவு கட்டிய கட்டுரைகள் உண்டு. எடை குறையப் புழக்கமும் காரணம். கோசாம்பி பண்டைய இந்தியாவின் முத்திரை குத்திய நாணயங்களைக் கட்டுக்கட்டாக நிறுத்துப் பார்த்து, பின்பக்க முத்திரைகள் கூடக்கூடச் சராசரி எடை குறைவதைக் காட்டினார். அவ்வப்போது சரிபார்த்தவர்கள் முத்திரை குத்தினார்கள் என்பது அவர் விளக்கம்: முத்திரை கூடியது நெடுநாள் புழங்கியது, புழங்கியது தேய்ந்தது. ஒரு சாதாரணத் தராசு இவ்வளவு பேசும்.

அச்சின் திசை பலரும் தடுமாறும் இடம். முன்பக்க உருவம் நேராக நிற்கும்படி நாணயத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரல்களால் பிடியுங்கள். அந்த இரு புள்ளிகளையும் அச்சாணியாக வைத்துச் சுற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ அதுதான் பதிவு: 12, 6, 3 என்று. பக்கவாட்டில் பிடித்து மேலிருந்து கீழாகப் புரட்டினால் எல்லாமே ஆறு மணி நேரம் தள்ளிப்போகும், 12 என்பது 6 ஆகிவிடும். இது ஏன் முக்கியம்? மேலச்சையும் கீழச்சையும் ஒழுங்காகப் பொருத்தி அடித்த அக்கசாலையில் திசை ஒரே மாதிரி வரும். கையில் எப்படி வந்ததோ அப்படி வைத்து அடித்த இடத்தில் சிதறும். ஒரே அரசரின் நாணயங்களில் ஒரு குழு சீராகவும் இன்னொரு குழு சிதறியும் இருந்தால், இரண்டு பட்டறைகள் இருந்திருக்கலாம் என்று முதலில் காட்டிக்கொடுப்பது இந்தப் பாழாய்ப்போன மணிக்கணக்குதான்.

படம் எடுப்பதில் கேமராவைவிட வெளிச்சத்தின் திசைதான் முக்கியம். எல்லா நாணயத்துக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, வழக்கமாக இடது மேல் மூலையிலிருந்து, வர வேண்டும். கீழிருந்து வந்தால் புடைப்பு குழியாகத் தெரியும். ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்களை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தால், அனுபவமுள்ள கண்ணே வேறு வேறு என்று சொல்லிவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் இம்ஹூஃப்-புளூமர் காலத்து ஆய்வாளர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சுப்படி எடுத்து வைத்தார்கள். பிளாஸ்டரில் மினுமினுப்பு இல்லை, பச்சைக் களிம்பின் நிறமும் இல்லை, புடைப்பு மட்டும் நிற்கும். அந்தப் படிகள் இன்றும் பல மியூசிய அலமாரிகளில் இருக்கின்றன. அதன்பின் காணாமல்போன நாணயங்களுக்கு அவைதான் ஒரே சாட்சி. கேட்டால் காட்டுவார்கள், பலர் கேட்பதில்லை.

இப்போது வேலையின் நடுக்கூடம்: அச்சு ஒப்பீடு. உருவத்தை நாணயத்தில் பதிக்கும், செதுக்கிய உலோகக் கட்டைதான் அச்சு; தொழிலில் டை என்பார்கள். கையால் அடித்த காலத்தில் ஒவ்வொரு டையும் தனித்தனியாகச் செதுக்கியது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. இரண்டு நாணயங்கள் ஒரே டையில் வந்தவையா என்று பார்க்கும்போது உருவத்தின் அழகைப் பார்க்காதீர்கள், இடைவெளிகளைப் பாருங்கள். மூன்றாவது எழுத்தின் கால், விளிம்புப் புள்ளிகளில் எத்தனையாவதை நோக்கி நீட்டியிருக்கிறது? மூக்கு நுனிக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம்? தலைப்பட்டையின் முடிச்சு எந்த எழுத்துக்கு நேராக விழுகிறது? இப்படி மூன்று, நான்கு உறவுகள் ஒத்துவந்தால் ஒரே டை. தேய்மானம் எழுத்தின் தடிமனை மாற்றும், இடத்தை மாற்றாது. சில நேரம் தேய்ந்த டையை அக்கசாலையிலேயே மறுபடி செதுக்கியிருப்பார்கள். அப்போது முடியிழைகள் மாறியிருக்கும், எழுத்தின் இடம் அப்படியே இருக்கும். அதைப் புது டை என்று எண்ணிவிடக் கூடாது.

டையில் விழுந்த விரிசல் நாணயத்தில் புடைத்த கோடாக வரும். விரிசல் இல்லாதது முதலில், சிறிதானது அடுத்து, விளிம்பு வரை ஓடியது கடைசியில் என்று வரிசை கட்டலாம். மேலே வைத்துச் சுத்தியால் அடித்த டை (வழக்கமாகப் பின்பக்கம்), பட்டடையில் பதித்த கீழ் டையைவிட (வழக்கமாக முன்பக்கம்) பொதுவாக விரைவில் உடையும். அதனால் ஒரு முன்பக்க டை பல பின்பக்க டைகளோடு சேரும். அவற்றில் ஒன்று அடுத்த முன்பக்க டையோடும் சேர்ந்திருந்தால் சங்கிலி நீளும். ஆண்டு எழுதாத நாணயங்களுக்குக் கால வரிசை கிடைப்பது இப்படித்தான்.

மொத்தம் எத்தனை டைகள் இருந்திருக்கும் என்பதற்குக் கணிதவியலாளர் வாரன் எஸ்டி தந்த எளிய சூத்திரம் போதும். கையில் உள்ள நாணயங்களின் எண்ணிக்கையை, கண்ட டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கவும். 120 நாணயம், 40 டை என்றால் 4,800 வகுத்தல் 80, மொத்தம் 60 டைகள். அந்த 40இல் ஒரே ஒரு நாணயம் மட்டும் கிடைத்த டைகள் 12 என்று வைத்துக்கொள்வோம். 12ஐ 120ஆல் வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.9. அதாவது நமக்குத் தெரிந்த டைகள், அடித்த மொத்த நாணயத்தில் சுமார் 90 சதவீதத்தை அடித்தவை.

இது எங்கே சறுக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். 50 நாணயத்தில் 40 டை கண்டால் சூத்திரம் 200 என்று சொல்லும். அந்த ஐம்பதில் மூன்று நாணயங்கள் இரண்டு முறை எண்ணப்பட்டவை என்று வையுங்கள். பழைய ஏலத்தில் ஒரு படம், பல ஆண்டு கழித்து வேறொரு ஏலத்தில் வேறு படம், நாணயம் ஒன்றே. உண்மை எண்ணிக்கை 47, விடை சுமார் 269க்குத் தாவிவிடும். ஒரு டைக்குச் சராசரி மூன்று நாணயமாவது இல்லாதவரை இந்தக் கணக்கை உரக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஒரே புதையலில் இருந்து வந்த நாணயங்களால் பட்டியல் நிரம்பியிருந்தாலும் கணக்கு கோணும், ஏனெனில் அவை அக்கசாலையிலிருந்து நேராகப் பானைக்குப் போனவையாக இருக்கலாம். அடுத்த கட்டமாக டை எண்ணிக்கையை ‘ஒரு டைக்கு இத்தனை ஆயிரம் நாணயம்’ என்று பெருக்கி ஓர் அரசின் பொருளாதாரத்தையே எழுதுபவர்கள் உண்டு. நாணயவியலாளர் டி.வி. பட்ரி 1990களில் இதைக் கடுமையாக மறுத்தார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. டை எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டு, ஓர் அக்கசாலையை இன்னொன்றோடு ஒப்பிடுவது வரைக்கும் பாதுகாப்பு.

இயந்திர காலத்து நாணயங்களுக்கு வேறு பாதை: ஆவணக் காப்பகம். அங்கே அக்கசாலைக் கணக்கு இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தெழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 1804 டாலர்தான் பாடம். அக்கசாலை அறிக்கை அந்த ஆண்டுக்கு 19,570 வெள்ளி டாலர்கள் என்கிறது. 1804 என்று பொறித்தவையோ பதினைந்து சொச்சம் மட்டுமே தெரியும். மிச்சம் எங்கே போயின என்று கப்பல் மூழ்கிய கதை, கடற்கொள்ளைக் கதை எல்லாம் சேகரிப்பாளர்களிடையே உலவின. எரிக் நியூமனும் கென்னத் பிரெசெட்டும் 1962இல் வெளியிட்ட ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. 1804இல் அடித்த டாலர்கள் எல்லாம் முந்தைய ஆண்டுகள் பொறித்த பழைய டைகளில் அடித்தவை. டை எஃகு விலை உயர்ந்தது, ஆண்டு மாறியதற்காகத் தூக்கி எறியமாட்டார்கள். 1804 என்று பொறித்தவை முதன்முதலில் 1834இல், ஆசிய ஆட்சியாளர்களுக்குத் தூதுப் பரிசாகக் கொடுத்த நாணயப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டன. அறிக்கை பொய் சொல்லவில்லை. அது அடித்த ஆண்டைச் சொன்னது, படித்தவர்கள் அதைப் பொறித்த ஆண்டாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஆண்டறிக்கையோடு நிற்காமல் உலோகம் வரவு வைத்த பேரேடு, டை கொடுத்து வாங்கிய பதிவு, அழித்த டைகளின் பட்டியல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அறிக்கையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறதா, நிதியாண்டா என்பதையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பதக்கத்துக்கு வருவோம். நாணய ஆய்வாளர் பலர் பதக்கத்தில் கையை வைத்துச் சுட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் இங்கே எடைக்கு அநேகமாகப் பொருளே இல்லை. கலைப் பதக்கம் என்ற வடிவத்தைத் தொடங்கிவைத்தவர் இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ. 1438, 1439 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் இத்தாலிக்கு வந்தபோது அவருக்காகச் செய்த பதக்கத்தோடு அது தொடங்கியது. அடித்ததல்ல, வார்த்தது. வார்ப்பில் கனம் ஒவ்வொன்றுக்கும் மாறும், எடையும் மாறும். மூலமா, மூலத்தை அச்செடுத்துப் பின்னாளில் வார்த்ததா என்று காட்டிக்கொடுப்பது அளவு. வெண்கலம் குளிர்ந்து இறுகும்போது சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. பதக்கத்தை அச்செடுத்து மறுபடி வார்த்தால் 98, 99 மி.மீ.தான் வரும். அதிலிருந்து இன்னொன்று வார்த்தால் இன்னும் சிறுக்கும். ஆனால் வெளி விட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். விளிம்பை அரம் போட்டுத் தேய்த்திருப்பார்கள், அல்லது வார்க்கும்போதே அகலமாக விட்டிருப்பார்கள். உருவத்துக்குள்ளேயே இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: மூக்கு நுனியிலிருந்து எதிர்ப்பக்கக் கடைசி எழுத்தின் அடி வரை என்பதுபோல. எல்லா மாதிரிகளிலும் அதே தூரத்தை 0.1 மி.மீ. வரை அளந்து வரிசைப்படுத்தினால் தாய், பிள்ளை, பேரன் எல்லாம் தானாகப் பிரியும். சுருக்கத்தோடு எழுத்தின் கூர்மை மழுங்குவதும், ஓட்டைகளை நிரப்பிக் கருவியால் கீறிச் சரிசெய்த தடமும் சேர்ந்துவரும்.

அடித்த பதக்கமானால் முதலில் விளிம்பைப் பாருங்கள். பாரிஸ் அக்கசாலை பழைய டைகளைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவர்களுக்கு மீண்டும் மீண்டும் அடித்துக் கொடுத்தது. முகத்தில் 1805 என்று பொறித்த நெப்போலியன் பதக்கம் 1805இல் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. நல்லவேளையாக 1832 முதல் விளிம்பில் சின்னமும் அடித்தார்கள். முதலில் விளக்கு, 1840களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் நங்கூரமும் கப்பல் முகப்பும், 1845 முதல் சுட்டும் கை, 1860 முதல் தேனீ, 1880 முதல் பழமும் பூவும் வழியும் வளக்கொம்பு. பக்கத்தில் உலோகத்தின் பெயரும் இருக்கும். ஆக, 1805 பதக்கத்தின் விளிம்பில் தேனீ இருந்தால் அது நெப்போலியன் இறந்து நாற்பது ஆண்டு போல ஆனபின் அடித்தது. சின்னமே இல்லாவிட்டால் மூலம்தான் என்றும் முடிவு கட்டாதீர்கள். விளிம்பைத் தேய்த்துச் சின்னத்தை அழிப்பது பழைய தந்திரம். பத்து மடங்கு உருப்பெருக்கியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால், தேய்த்த இடம் மட்டும் தட்டையாகவும் நிறம் மாறியும் தெரியும்.

போர்ப் பதக்கங்களில் விளிம்பு இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் பதக்கங்கள் பலவற்றில் பெற்றவரின் பெயர், எண், படைப்பிரிவு விளிம்பில் இருக்கும். வழக்கமான விட்டம் 36 மி.மீ. பழைய பெயரை அழித்து மதிப்புள்ள வேறு பெயரைப் பொறித்திருந்தால் விட்டம் சற்றே குறையும். காலிப்பரைப் பல இடங்களில் வைத்து அளந்தால் அது அகப்படும். அடுத்து எழுத்து: அந்தப் பதக்கத்துக்குப் பெயர் குத்தி அடித்தார்களா, செதுக்கினார்களா? எந்த வடிவ எழுத்து? ஐயமற்ற பத்துப் பதினைந்து மாதிரிகளின் விளிம்புப் படம் கையில் இருந்தால் ஒப்பிட்டுவிடலாம். பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 100 என்ற வரிசையில் பதக்கப் பட்டியல்களைத் தேடலாம். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த வீரருக்கு உரிமை இருந்தது என்றுதான் பொருள். உங்கள் கையில் இருப்பது அவருக்குக் கொடுத்த அதே பதக்கம் என்று அது சொல்லாது. தொலைத்தவர்களுக்கு மாற்றுப் பதக்கமும் கொடுத்தார்கள்.

சில நேரம் பட்டியலே தேவைப்படாது, விதிமுறை போதும். நெப்போலியன் காலத்துத் தரைப்படைப் போர்களுக்கான மிலிட்டரி ஜெனரல் சர்வீஸ் பதக்கம் 1847இல்தான் அறிவிக்கப்பட்டது. அப்போது உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கே கிடைத்தது. எனவே 1812இல் சலமன்காவில் இறந்துபோன வீரரின் பெயரில் ஒன்று வந்தால் எதையும் அளக்க வேண்டாம். வாட்டர்லூ பதக்கத்துக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே களத்தில் இறந்தவர்களின் உறவினருக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பதக்கத்துக்கும் வழங்கல் ஆணையைத் தேடிப் படித்துவைப்பது இதற்காகத்தான்.

உலோகச் சோதனை பற்றி எல்லோரும் கேட்பார்கள், எனவே கொஞ்சம். ஒப்படர்த்தி சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். காற்றில் எடை, நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை, இரண்டின் வித்தியாசத்தால் முதல் எடையை வகுக்க வேண்டும். சுத்தத் தங்கம் 19.3, வெள்ளி 10.5, செம்பு 8.96. கோளாறு தராசின் நுணுக்கத்தில் இருக்கிறது. 7.99 கிராம் உள்ள 22 காரட் நாணயம் நீரில் சுமார் 0.45 கிராம் இழக்கும், விடை 17.8. தராசு 0.01 பிசகினால் 17.4 அல்லது 18.2 வரும். அந்த இடைவெளிக்குள் எதை நிரூபிப்பது? 0.001 கிராம் காட்டும் தராசு இல்லாமல் சிறு நாணயத்தில் இதைச் செய்யாதீர்கள். நீர்க்குமிழி ஒட்டினால் விடை குறையும், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25 என்பதால் சுத்தத் தங்கத்துக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கும். செம்பு கலந்த வெள்ளி நாணயத்தில் மண்ணும் அமிலமும் மேலேயுள்ள செம்பை அரித்துவிட, கருவி உள்ளே இருப்பதைவிட அதிக வெள்ளி காட்டும். ரோமானிய தெனாரியஸ்களின் வெள்ளி அளவு பற்றிய பழைய எண்கள் பல இந்தக் காரணத்தாலேயே திருத்தப்பட்டன. விளிம்பில் நுண்ணிய துளையிட்டு உட்பகுதியை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை அளவு தெரிந்தது.

கருவி சொல்வதை மட்டும் வைத்து எழுதினால் என்ன விவாதம் வரும் என்பதற்கு, ரோமானியப் பேரரசர் என்று சொல்லப்படும் ஸ்பான்சியனின் பெயர் உள்ள தங்க நாணயம் எடுத்துக்காட்டு. திரான்சில்வேனியாவில் 1713இல் கிடைத்ததாகச் சொல்லப்படும் தொகுதியைச் சேர்ந்தது, கிளாஸ்கோவின் ஹண்டேரியன் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து போலி என்றே கருதப்பட்டது. 2022இல் மேற்பரப்புக் கீறல்களையும் ஒட்டிய மண்ணையும் நுண்ணோக்கியில் பார்த்து, உண்மையானதுதான் என்று ஓர் ஆய்வு வந்தது. நாணயவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அது அடித்ததல்ல, வார்த்தது. எடை ரோமானிய வழக்கத்தோடு ஒட்டவில்லை. கூடவே கிடைத்தவற்றின் வாசகங்களும் உருவங்களும் குழம்பிக் கிடக்கின்றன. கீறலும் மண்ணும் போலிக்கும் வரும். கார்ல் பெக்கர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலிக்காரர், தான் அடித்த நாணயங்களை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிச் சவாரி போய்ப் பழசாக்கினார் என்பது பிரசித்தம். அவர் நல்ல செதுக்குக் கலைஞர் வேறு. இப்படிப்பட்டவர்களின் டைகளைத் தெரிந்துவைத்திருப்பது எந்தக் கருவியையும்விட விரைவாகப் போலியைப் பிடிக்கும்.

எழுதும்போது நடைக்கு முன்னால் ஒழுக்கம். வாசகத்தில் தெரியாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ஊகித்து நிரப்பிவிட்டு அடைப்பை மறந்தால், அடுத்த நூறு ஆண்டு அதையே மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். ‘உலகில் ஒன்றே ஒன்று’ என்று எழுதாதீர்கள், ‘இதுவரை தெரிந்தது ஒன்று’ என்றால் போதும். படத் தட்டுகளில் (படங்களுக்கென்றே அச்சாகும் பக்கங்களில்) நாணயம் இயல்பளவில் இருக்க வேண்டும், பெரிதாக்கினால் எத்தனை மடங்கு என்று எழுத வேண்டும். கட்டுரையை முடிவிலிருந்து தொடங்குங்கள்: எந்தப் பழைய தேதி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். அறிமுகத்தில் அந்த அரசரின் வரலாற்றை நான்கு பக்கம் எழுதி அனுப்பினால் ஆசிரியர் அதைத்தான் முதலில் வெட்டுவார்.

1836இல் தொடங்கிய ராயல் நியூமிஸ்மேடிக் சொசைட்டி, 1858இல் தொடங்கிய அமெரிக்கன் நியூமிஸ்மேடிக் சொசைட்டி போன்றவற்றின் இதழ்கள் மதிப்பீட்டாளர்களிடம் அனுப்பித்தான் ஏற்கும். எழுத்துக்குப் பணம் கிடைக்காது. அந்த அமெரிக்கச் சங்கம் 1952 முதல் நடத்திவரும் கோடைக்கால வகுப்பு, முதுநிலை மாணவர்களுக்கு நல்ல நுழைவாயில். மொழியும் வேண்டும். பண்டைய நாணயத்துக்கு லத்தீன், கிரேக்கத்தோடு ஜெர்மனும் பிரெஞ்சும் ஓரளவு படிக்க வந்தாக வேண்டும், ஏனெனில் பழைய ஆய்வுகளில் பாதி அந்த இரு மொழிகளில் கிடக்கிறது. எந்த நாட்டு நாணயமோ அந்த நாட்டுக் கல்வெட்டு எழுத்தும் அதே கணக்கு. கிடைத்த இடம் தெரியாத, 1970இன் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு திடீரென்று சந்தைக்கு வந்த பொருளை வெளியிட எல்லா இதழ்களும் முன்வருவதில்லை. அனுப்புமுன் அந்த இதழின் விதியைப் படித்துவிடுங்கள்.

வருமானம் எங்கிருந்து என்றால்: ஏலப் பட்டியல் எழுதும் கூலி, மியூசியத் தொகுப்பைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலை, தனியார் சேகரிப்புக்குப் பட்டியல், எப்போதாவது சொற்பொழிவு. நூல் உரிமைத்தொகையை நம்பி வாடகை கொடுக்க முடியாது. நாணய நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகும். படத் தட்டுச் செலவு போக மியூசியங்கள் கேட்கும் படக் கட்டணமும் சேரும். சில பெரிய தொகுப்புகள் இப்போது படங்களைத் திறந்த உரிமத்தில் தருகின்றன. நூலுக்குத் திட்டமிடும்போதே எது இலவசம், எது கட்டணம் என்று பிரித்து எழுதிவையுங்கள். எழுத்து வடிவிலான அனுமதிக் கடிதம் இல்லாத படத்தைக் கடைசி நிமிடத்தில் தட்டிலிருந்து எடுத்தால் எண்கள் அத்தனையும் மாறும்.

தொடங்குபவர் முதல் வேலையாகப் பெரிய நூலைத் தொடக் கூடாது. இரண்டாயிரம் சொல்லில் ஒரு குறிப்பு போதும்: பட்டியலில் இல்லாத ஒரு டைச் சேர்க்கை, தவறாகப் படிக்கப்பட்ட ஒரு வாசகம், விளிம்புச் சின்னத்தால் தேதி மாறும் ஒரு பதக்கம். அதற்குள்ளேயே எடை, திசை, டை, ஆவணம், படம் எல்லாம் ஒரு முறை செய்து பழகிவிடலாம். அச்சானதும், அதில் வரும் ஒவ்வொரு நாணயமும் இருக்கும் மியூசியத்துக்குப் பதிவு எண்ணோடு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்கள் தங்கள் பதிவில் உங்கள் குறிப்பைச் சேர்ப்பார்கள். அடுத்த முறை அவர்களின் நாணயத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க அனுமதி கேட்கும்போது உங்களை யாரென்று விளக்க வேண்டியிருக்காது.